ஹார்வர்டுக்கு எதற்கு 4000 ஏக்கர் காடு?

கேட்டவர் பாஸ்டன் பக்கம் புதிதாகக் குடியேறியவர். மேற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டியோட்டிப் போனபோது, பீட்டர்ஷாம் என்ற சிற்றூரில் ‘ஹார்வர்டு காடு’ என்ற பலகையைப் பார்த்திருக்கிறார். ஏறக்குறைய 4000 ஏக்கர் என்று தெரிந்ததும் அவருக்கு மூன்று சந்தேகம். பல்கலைக்கழகத்துக்குக் காடு எதற்கு, மரம் விற்கவா? ஆராய்ச்சிக்கு என்றால் அரசாங்கக் காடு போதாதா? பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இதனால் என்ன கிடைக்கிறது?

அது ஆதிகாலத்துக் காடு இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளே கொஞ்ச தூரம் நடந்தாலே குறுக்கே ஒரு கற்சுவர் வரும். சாந்து கிடையாது, கல்மேல் கல்லாக அடுக்கியது, இடுப்பளவுகூட இருக்காது. அதைத் தாண்டி நடந்தால் இன்னொன்று. நடுக்காட்டில் வந்து சுவர் கட்டியவன் யார் என்று எனக்கும் முதல் தடவை குழப்பமாக இருந்தது. காட்டில் யாரும் கட்டவில்லை. அது வயல்வரப்பு.

நிப்மக் பழங்குடியினரின் மண் அது. 1733 வாக்கில் ஐரோப்பியக் குடியேறிகள் வந்து வெட்டித் திருத்தி விவசாயம் செய்தார்கள். பனியாறு விட்டுப்போன கற்கள் ஒவ்வொரு உழவுக்கும் மேலே வரும், பொறுக்கி ஓரத்தில் அடுக்குவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்த வட்டாரத்தில் பாதிக்கு மேல் மொட்டைத் தரை, மேய்ச்சல் நிலம், சோளக் கொல்லை. பிறகு ரயில் வந்தது. மேற்கே கல்லே இல்லாத கரிசல் நிலம் கிடைத்தது, ஆலைகளில் கூலி கிடைத்தது. ஊர் காலியானது. கைவிட்ட புல்தரையில் வெள்ளைப் பைன் விதை காற்றில் வந்து விழுந்து, ஒரே வயதுள்ள பைன் தோப்பாக எழுந்தது. 1900ஐ ஒட்டி அதை வெட்டிப் பெட்டியும் வாளியும் செய்து விற்றார்கள்.

இந்த நேரத்தில்தான், 1907இல், ஹார்வர்டு அங்கே நிலம் வாங்கியது. முதல் இயக்குநர் ரிச்சர்டு ஃபிஷர். ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: ஆமாம், ஆரம்பத்தில் மரம் விற்கத்தான். வனவியல் மாணவர்களுக்கு ஒரு மாதிரிப் பண்ணை வேண்டும், அது தன் செலவைத் தானே சம்பாதிக்க வேண்டும், வெட்டிய இடத்தில் மறுபடி பைன் வளர்த்து வருடா வருடம் அளவாக விற்க வேண்டும் என்பது திட்டம்.

திட்டத்தை மரங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பைனை வெட்டிய இடத்தில் பைன் வரவில்லை, ஓக்கும் மேப்பிளும் வந்தன. காரணம் எளிது. பைன் வேரடியிலிருந்து துளிர்க்காது, வெட்டினால் தீர்ந்தது. அதன் நிழலில் ஒதுங்கிக் கிடந்த ஓக், மேப்பிள் கன்றுகளோ வெட்டுப்பட்டாலும் கட்டையிலிருந்து துளிர்விடும். வெளிச்சம் கிடைத்ததும் அவை பாய்ந்து எழுந்தன. பைன் முளைக்கக் காடு போதாது, கைவிட்ட புல்தரை வேண்டும். அதாவது அந்தப் பைன் தோப்பே விவசாயம் செத்ததன் விளைவு. இதைப் புரிந்துகொண்டதும் ஃபிஷர் மரத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் நிலத்தின் பழைய கணக்கைத் தோண்ட ஆரம்பித்தார். எந்தத் துண்டு உழவாக இருந்தது, எது மேய்ச்சல், எது விறகுக்கு விட்டது என்று. நம் ஊரில் கிராம அடங்கல் இருக்கிறதே, எந்த சர்வே எண்ணில் எந்தப் பசலியில் என்ன பயிர் என்று, கிட்டத்தட்ட அப்படி ஒன்றைக் காட்டுக்கு எழுதத் தொடங்கினார்கள். அன்று தொடங்கிய எழுத்து இன்னும் நிற்கவில்லை. என்னைக் கேட்டால் அந்த 4000 ஏக்கரில் விலைமதிப்புள்ளது இந்த அடங்கல்தான். மரத்தை எங்கே வேண்டுமானாலும் வளர்க்கலாம்.

ஃபிஷர் 1934இல் இறந்தார். நான்கு வருடம் கழித்து, 1938 செப்டம்பர் 21 அன்று, பெரும் சூறாவளி ஒன்று நியூ இங்கிலாந்தை, அதாவது அமெரிக்காவின் வடகிழக்கு மூலை மாநிலங்களை, குறுக்கே கிழித்துக்கொண்டு போனது. முப்பது வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த பைன் தோப்புகளில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் தரையில். மரம் விற்றுப் பிழைக்கும் யோசனைக்கு அன்றோடு முழுக்கு.

பிறகு நடந்ததுதான் சுவாரசியம். விழுந்த மரம் காய்ந்தால் தீப்பிடிக்கும், பூச்சி வரும் என்று பயந்து, அரசாங்கமே ஒரு மீட்பு அமைப்பை நிறுவி, வட்டாரம் முழுவதும் மரங்களை இழுத்துவந்து குளங்களில் மிதக்கவிட்டது. தண்ணீரில் கிடந்தால் உளுக்காது என்பதால். அப்போது எல்லோருக்கும் அது அறிவான வேலையாகத்தான் பட்டது. ஆனால் ஹார்வர்டிடம் வேறொரு துண்டும் இருந்தது. பக்கத்து நியூ ஹாம்ப்ஷயரில் பிஸ்கா என்ற இடத்தில் 20 ஏக்கர், கோடரி படாத பழங்காடு, 1927இல் வாங்கியது. அதுவும் அதே சூறாவளியில் சாய்ந்தது. அங்கே ஒரு மரத்தையும் எடுக்கவில்லை, விழுந்தது விழுந்தபடி விட்டார்கள். ஒரே புயல், ஒரு பக்கம் சுத்தம் செய்த காடு, மறுபக்கம் தொடாத காடு. யாரும் திட்டமிடாமல் அமைந்த சோதனை அது. பிஸ்காவில் விழுந்த பெருமரங்கள் சிலவற்றை அரை நூற்றாண்டு கழித்தும் பாசி மூடிய மேடாகக் கண்டு அளந்திருக்கிறார்கள்.

சந்தேகம் தீரவில்லை என்பதால் 1990இல் ஒரு செயற்கைச் சூறாவளி நடத்தினார்கள். ஒரு எக்டேருக்கும் குறைவான இடத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பெரிய மரங்களைக் கம்பிவடம் கட்டி வின்ச் வைத்து இழுத்துச் சாய்த்தார்கள், 1938இல் விழுந்த அதே திசையில். சாய்த்த கையோடு அப்படியே விட்டுவிட்டார்கள். அடுத்த வசந்தத்தில் விழுந்து கிடந்த மரங்களில் பெரும்பாலானவை இலை விட்டன! வேரில் ஒரு பகுதி மண்ணைப் பிடித்திருந்தாலே போதும், சில வருடம் தாக்குப்பிடித்தன, கட்டையிலிருந்து துளிர்த்தன. கண்ணுக்குப் பேரழிவு, ஆனால் மண்ணின் ஈரமும் சத்துச் சுழற்சியும் ஏறக்குறைய மாறவே இல்லை. 1938க்குப் பிறகு மண்ணையும் நீரோடைகளையும் கலக்கியதில் புயலைவிடச் சுத்தம் செய்த வேலைக்கே பங்கு அதிகம் என்ற முடிவுக்கு ஆராய்ச்சியாளர்கள் வந்தது இப்படித்தான். புயலுக்குப் பின் விழுந்த மரத்தை அப்படியே விடுவதும் ஒரு நிர்வாக முடிவு என்று வன அதிகாரியிடம் தைரியமாகச் சொல்ல, கையில் இந்த மாதிரிக் கணக்கு வேண்டும்.

இப்போது இரண்டாவது கேள்வி. அரசாங்கக் காடு போதாதா?

போதும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது, மறைக்கக் கூடாது. நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்டு புரூக், அமெரிக்க வன சேவையின் காடு, 1955இல் தொடங்கியது. வட அமெரிக்காவில் அமில மழையை உலகத்துக்குக் காட்டியது அதுதான். ஹார்வர்டு காட்டிலேயே ஆராய்ச்சிக்குப் பெரிய பணம் 1988 முதல் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நீண்டகாலச் சூழலியல் திட்டத்திலிருந்து வருகிறது, அதாவது வரிப்பணம். ஆனால் அந்தப் பணம் ஆறு வருடத்துக்கு ஒருமுறை போட்டி போட்டுப் புதுப்பிக்க வேண்டியது. நிலம் அப்படி இல்லை. மண்ணில் நீங்கள் பதித்த கம்பியை முப்பது வருடம் யாரும் பிடுங்க மாட்டார்கள் என்ற நிச்சயம் இருந்தால்தான் சில கேள்விகளையே கேட்க முடியும்.

கம்பி என்று சொன்னது உவமை இல்லை. 1991இல் சூழலியலாளர் ஜெரி மெலிலோ குழுவினர் காட்டின் தரையில் ஆறு மீட்டர் சதுரத் துண்டுகளைக் குறித்து, பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் மின்சூடேற்றும் கம்பிகளைப் புதைத்தார்கள். பக்கத்து மண்ணைவிட எப்போதும் 5 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூடு. கம்பி புதைக்கக் கிளறியதே விளைவைக் கெடுத்துவிடக் கூடாதே என்று, கம்பியைப் புதைத்துவிட்டு மின்சாரம் தராத துண்டுகளும் உண்டு, கையே படாத துண்டுகளும் உண்டு. பனிக்காலத்தில் போய்ப் பார்த்தால் சுற்றிலும் வெள்ளை, நடுவில் கட்டம் கட்டமாகப் பழுப்பு இலைத்தரை. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி அங்கே மட்டும் பனி நிற்காது.

கேள்வி இது: பூமி சூடானால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மக்கை வேகமாகத் தின்று அதிகக் கரியமில வாயுவை வெளியே விடுமா? முதல் பத்து வருடம் விட்டன, தாராளமாக. பிறகு நின்றுவிட்டது. சூடேற்றிய மண்ணும் ஏற்றாத மண்ணும் ஒரே அளவுக்கு மூச்சுவிட்டன. எளிதில் செரிக்கும் இரை தீர்ந்தது, இனிப் பயமில்லை என்று அப்போது ஒருவர் மூட்டை கட்டியிருந்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. இவர்கள் கட்டவில்லை. ஏழு வருட அமைதிக்குப் பிறகு வாயு மறுபடி கூடியது. நுண்ணுயிர்க் கூட்டமே மாறி, முன்பு தொட முடியாத கடினமான கரிமத்தை உடைக்கக் கற்றவை மேலோங்கிவிட்டன. சில வருடம் கழித்து மறுபடி அமைதி. 2017இல் வெளியான 26 வருடக் கணக்கின்படி, மேல் 60 சென்டிமீட்டர் மண்ணில் இருந்த கரிமத்தில் 17 சதவீதம் போய்விட்டது. ஐந்து வருடம் பார்த்தவருக்கு ஒரு பதில், பதினைந்து வருடம் பார்த்தவருக்கு நேரெதிர்ப் பதில், இருபது வருடம் பார்த்தவருக்கு மூன்றாவது. முனைவர் பட்டத்துக்கு நாம் கொடுப்பது நான்கைந்து வருடம்.

இதற்குக் கொஞ்ச தூரத்தில் முப்பது மீட்டர் கோபுரம் ஒன்று நிற்கிறது. ஸ்டீவன் வோஃப்சி குழு 1989 முதல் நடத்துவது. உச்சியில் காற்றின் வேகத்தையும் அதிலுள்ள கரியமில வாயுவையும் விநாடிக்குப் பலமுறை அளக்கும் கருவிகள். மேலே போகும் காற்றில் எவ்வளவு, கீழே இறங்கும் காற்றில் எவ்வளவு என்று கூட்டிக் கழித்தால், காடு உள்ளே இழுத்தது எவ்வளவு என்று கிடைக்கும். மரத்தை வெட்டாமல், இலையைப் பறிக்காமல், மொத்தக் காட்டின் மூச்சையும் எண்ணும் வித்தை இது. இவ்வளவு காலம் இடைவிடாமல் இப்படி அளந்த காடு உலகில் வேறில்லை. வயதாக ஆகக் காடு இழுப்பது குறையும் என்று எதிர்பார்த்தார்கள், இதுவோ கூட்டிக்கொண்டே போனது. சிவப்பு ஓக் இன்னும் வளரும் வயதில் இருக்கிறது, 1938இன் காயம் இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது. பழைய அடங்கல் இல்லாமல் கோபுரத்தின் எண்களுக்கு மட்டும் அர்த்தம் சொல்ல முடியாது.

கருவியே இல்லாத ஆராய்ச்சியும் உண்டு, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். ஜான் ஓகீஃப் என்பவர், காட்டின் அருங்காட்சியகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர், 1990 முதல் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஒரே வழியில் நடந்து, அடையாளமிட்ட அதே மரங்களைப் பார்த்து, மொட்டு எப்போது வெடித்தது, இலை எத்தனை சதவீதம் விரிந்தது, எப்போது நிறம் மாறியது, எப்போது உதிர்ந்தது என்று எழுதினார். 33 வகை மரஞ்செடிகள். ஓய்வு பெற்ற பிறகும் நடந்தார். கண், நோட்டுப் புத்தகம், விடாப்பிடி, அவ்வளவுதான் முதலீடு. செயற்கைக்கோள் படத்தில் தெரியும் பச்சை நிஜத்தில் எந்தப் பச்சை என்று சரிபார்க்க, கடைசியில் அந்த நோட்டுப் புத்தகத்திடம்தான் வருகிறார்கள்.

மூன்றாவது கேள்விக்குக் கதவு இங்கேதான் திறக்கிறது. ஓகீஃப் செய்ததையே எளிமையாக்கிப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தார்கள். நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் தங்கள் பள்ளி வளாகத்து மரத்தில் கிளையைக் குறித்துவைத்துக்கொண்டு மொட்டையும் இலையையும் எண்ணிக் காட்டின் தரவுத்தளத்தில் சேர்க்கிறார்கள். ஆசிரியர்களுக்குத் தனிப் பயிற்சி நடக்கிறது. அந்த எண்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், ஆராய்ச்சியாளர்களின் எண்களும் அப்படியே. கோடையில் நாட்டின் பல கல்லூரிகளிலிருந்து இளங்கலை மாணவர்கள் சம்பளத்தோடு வந்து தங்கி வேலை செய்கிறார்கள். ஹார்வர்டு மாணவராக இருக்கத் தேவையில்லை.

பீட்டர்ஷாமின் மக்கள்தொகை 1200ஐ ஒட்டியது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பணக்கார நிறுவனம் ஆயிரக்கணக்கான ஏக்கரை வைத்திருப்பது சாதாரண விஷயம் இல்லை, எங்கே என்றாலும் முணுமுணுப்பு இருக்கும். அதுவும் அந்தப் பகுதிக்குப் பழைய காயம் ஒன்று உண்டு. பாஸ்டனுக்குக் குடிநீர் வேண்டும் என்று குவாபின் நீர்த்தேக்கம் கட்டியபோது, 1938இல் டானா, என்ஃபீல்டு, கிரீன்விச், பிரெஸ்காட் என்று நான்கு ஊர்கள் கலைக்கப்பட்டன. டானாவில் மிஞ்சிய நிலம் பீட்டர்ஷாமோடு சேர்ந்தது. நகரத்துக்காரன் நிலம் கேட்டு வந்தால் என்ன நடக்கும் என்று அந்த மண்ணுக்குத் தெரியும்.

அதனால்தானோ என்னவோ, ஹார்வர்டு காட்டைச் சேர்ந்தவர்கள் செய்ததில் உள்ளூருக்கு முக்கியமானது சொந்த வேலிக்கு வெளியே நடந்தது என்று நினைக்கிறேன். பீட்டர்ஷாம் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் காட்டின் பெரும்பகுதி அரசிடமும் இல்லை, நிறுவனங்களிடமும் இல்லை. சாதாரணக் குடும்பங்களிடம் சின்னச் சின்னத் துண்டுகளாக இருக்கிறது. பாட்டன் இறந்தால் பேரன்கள் மனை போட்டு விற்பார்கள், நமக்குத் தெரியாத கதையா? 2005இல் இயக்குநர் டேவிட் ஃபாஸ்டரும் மற்றவர்களும் மாநிலத்துக்காக ஒரு திட்ட வரைவை வெளியிட்டார்கள். 2010இல் அதை நியூ இங்கிலாந்து முழுவதற்கும் விரித்தார்கள். 2060க்குள் நிலப்பரப்பில் 70 சதவீதத்தை நிரந்தரமாகக் காடாகக் காப்பது இலக்கு. அதில் பத்தில் ஒன்பது பங்கு மரம் வெட்டவும் விறகு எடுக்கவும் அனுமதிக்கும் காடு, ஒரு பங்குதான் கையே வைக்காத காடு. இந்த விகிதம் முக்கியம். நிலத்தை விற்கச் சொல்லவில்லை, பூட்டி வைக்கவும் சொல்லவில்லை. சொந்தக்காரர் சொந்தக்காரராகவே இருப்பார், மனை போடும் உரிமையை மட்டும் பத்திரம் எழுதி உள்ளூர் நில அறக்கட்டளையிடம் விட்டுக்கொடுப்பார். மரத்தைத் தெய்வமாக்கிப் பேசுகிற சூழலியலாளர்களுக்கு இதில் திருப்தி இல்லை என்பது தெரியும். எனக்கு இது நடக்கக்கூடிய யோசனையாகப் படுகிறது.

சோகமான பக்கமும் ஒன்று இருக்கிறது. அந்தக் காட்டின் இருண்ட, குளிர்ந்த பகுதிகளுக்கு ஹெம்லாக் என்ற ஊசியிலை மரமே காரணம். ஜப்பானிலிருந்து வந்த ஒரு பூச்சி, நம் பப்பாளியிலும் செம்பருத்தியிலும் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினாற்போல் வருமே மாவுப்பூச்சி, அதைப் போன்ற தோற்றம், ஊசியிலையின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சுகிறது. 1950களின் தொடக்கத்தில் வர்ஜீனியாவில் முதலில் தென்பட்டது, குளிர்காலங்கள் இளக இளக வடக்கே ஏறிவந்தது. வரப்போகிறது என்று தெரிந்தே, அது வந்து சேர்வதற்கு முன்பாக 2005இல், சில ஹெம்லாக் துண்டுகளில் மரப்பட்டையைச் சுற்றிலும் சீவிவிட்டார்கள். பூச்சி கொல்வதுபோல மெல்லச் சாகட்டும் என்று. வேறு துண்டுகளில் நேரடியாக வெட்டி எடுத்தார்கள், பயந்த நில உரிமையாளர்கள் முந்திக்கொண்டு வெட்டி விற்பார்களே, அதைப்போல. இரண்டு இடத்திலும் கருப்பு பிர்ச் எழுந்துவருகிறது. பூச்சியும் பிறகு வந்து சேர்ந்தது. 2017இல் டேவிட் பக்லி போர்டன் என்ற கலைஞரோடு சேர்ந்து அந்தச் சாகும் மரங்களுக்கு நடுவே சிற்பங்கள் வைத்து ஒரு நடைபாதை அமைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள், சாகும் தறுவாயில் இருப்பவரைப் பராமரிக்கும் இல்லம். மரத்துக்கு அப்படி ஒன்றா என்று முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் மொத்தக் காட்டையும் காப்பாற்ற மருந்து இல்லை என்று தெரிந்த பிறகு அறிவியலாளர் ஊர்க்காரரிடம் என்னதான் சொல்வார்?

அரசு, பல்கலைக்கழகம் என்ற பேச்சில் நமக்கு நேரடித் தொடர்புள்ள ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹார்வர்டு காட்டில் 35 எக்டேர் பரப்பில், மார்பளவு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேலுள்ள ஒவ்வொரு தண்டுக்கும் எண் கட்டி அளந்திருக்கிறார்கள், ஒரு லட்சத்துக்கு மேல். இதே விதிப்படி அளக்கும் உலகளாவிய வலையத்தில் முதுமலையும் ஒன்று. அங்கே 50 எக்டேர், இந்திய அறிவியல் கழகம் 1988இல் தொடங்கியது, நிலம் வனத்துறையுடையது. இலங்கையின் சிங்கராஜாவில் 25 எக்டேர், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமால், சாவித்திரி குணதிலக்க இருவரும் ஹார்வர்டின் பீட்டர் ஆஷ்டனும் சேர்ந்து உருவாக்கியது. ஆக, காட்டைச் சொந்தமாக வைத்திருந்தால்தான் ஆகும் என்பதில்லை. நிலத்தை வைத்திருப்பவரும் கணக்கு எழுதுபவரும் தலைமுறை தாண்டி ஒத்துப்போனால் போதும். ஹார்வர்டில் இருவரும் ஒரே ஆள் என்பதால் சண்டை கொஞ்சம் குறைவு.

கேட்டவர் பக்கத்திலேயே இருப்பதால் ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஒரு நாள் ஒதுக்கிப் போய்ப் பாருங்கள், சொந்த வண்டி வேண்டும். அங்குள்ள ஃபிஷர் அருங்காட்சியகம் 1941இல் திறந்தது. உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் சிற்றுருக் காட்சிகள் 23 இருக்கின்றன, 1930களில் செப்புக் கம்பியை முறுக்கி இலை இலையாகச் செய்த மரங்கள். முதல் ஏழு பெட்டிகளில் ஒரே இடம், ஒரே கோணம். 1700இல் காடு, 1740இல் முதல் வெட்டு, 1830இல் பண்ணை, 1850இல் பாழ்நிலத்தில் பைன் கன்று, 1910இல் பைனை வெட்டுகிறார்கள், 1915இல் புதர், 1930இல் இளங்காடு. அவசரப்படாமல் ஒவ்வொன்றிலும் அந்தக் கற்சுவர் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பிறகு நடைபாதையில் போனால் நிஜச் சுவரைத் தாண்டியே நடப்பீர்கள். பாதைகள் எல்லோருக்கும் திறந்தவை. கொடியோ தகடோ கட்டிய மரத்தைத் தொடாதீர்கள், யாரோ ஒருவரின் இருபது வருடம் அதில் தொங்குகிறது. மே, ஜூனில் போனால் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொள்ளுங்கள், மான் உண்ணி நிறைய.